தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம்: சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி, நாகூரில் கந்தூரி, வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடன் என்று சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் சோழநாட்டுக் கடலோரத்துக்குப் போய்வந்துகொண்டே இருக்கின்றன. இந்த ஊர்களுக்கெல்லாம் நடுவில் தரங்கம்பாடி இருக்கிறது. பெரும்பாலும் வேன் அங்கே அரை மணி நேரம் நிற்கும். கோட்டையின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு ஏறிவிடுவார்கள். அதே ஊரில் முந்நூறு ஆண்டுகளைத் தாண்டிய ஒரு தமிழ் ஆலயம் இருப்பது ஊர் திரும்பிய பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. அக்கம்பக்கத்தாரும் அலுவலக நண்பர்களும் வாசகர் வட்டத்துக்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அங்கே இரண்டு மூன்று ஆலயங்கள் இருக்கின்றனவே, எதைச் சொல்கிறீர்கள்?

ராஜ வீதியில் பழைய புராட்டஸ்டண்ட் ஆலயங்கள் இரண்டு இருக்கின்றன. சீயோன் ஆலயம் 1701ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டேனிஷ் வணிகர்களும் அதிகாரிகளும் சிப்பாய்களும் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. இப்போது அது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. மற்றொன்று புதிய எருசலேம் ஆலயம். அது தமிழ்ச் சபைக்காகவே எழுப்பப்பட்டது. 1717 பிப்ரவரி 9 அன்று அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை செய்தார்கள். இன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு உரியது. இந்தப் பக்கம் முழுவதும் இந்த இரண்டாவது ஆலயத்தைப் பற்றித்தான்.

'புதிய' என்று பெயர் இருப்பதற்குக் காரணம், 1707இல் கட்டிய சிறிய எருசலேம் ஆலயம் ஒன்று முன்பே இருந்ததுதான். சபை பெருகி அதில் இடம் போதாமல் போயிற்று. அந்தப் பழைய ஆலயம் இன்று இல்லை. ஆக, நம் ஊரில் ராஃபிள்ஸ் வந்து இறங்கிய 1819ஆம் ஆண்டில் இந்தப் 'புதிய' ஆலயத்துக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது.

டென்மார்க்குக்கும் தஞ்சாவூர்ச் சீமைக்கும் என்ன சம்பந்தம்?

மிளகுதான். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் கிழக்கே கப்பல் விட்டு லாபம் பார்த்தபோது டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானும் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். கம்பெனியின் கப்பல்கள் முதலில் இலங்கையில்தான் காலூன்றப் பார்த்தன. அது பலிக்கவில்லை. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைப் பெற்றார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னோலையில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். ஏறத்தாழ 225 ஆண்டுகள் ஊர் அவர்கள் கையில் இருந்தது. நடுவில் ஆங்கிலேயர் சில ஆண்டுகள் பிடித்துவைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். வணிகம் படுத்துவிட்ட நிலையில் 1845இல் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள். அதன் பிறகு ஊர் வளரவே இல்லை. மாயவரத்திலிருந்து, அதாவது மயிலாடுதுறையிலிருந்து, 1926இல் ஒரு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. அதையும் 1986இல் நிறுத்திவிட்டார்கள். வளராததால்தான் பழைய வீதி பழைய வீதியாகவே நிற்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சீகன்பால்கு என்ற பெயரைப் பள்ளிப் பாடத்தில் கேட்ட நினைவு. யார் அவர்?

பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் தன் குடியேற்றத்துக்கு மதப்பணியாளர்களை அனுப்ப விரும்பினார். தன் நாட்டில் ஆள் கிடைக்காமல் ஜெர்மானியர்களைத் தேடிப் பிடித்தார். அப்படி அகப்பட்ட இருவர் சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரை சேர்ந்தார்கள். மறுநாள் சீகன்பால்குவுக்கு இருபத்து நான்காவது பிறந்தநாள்.

அரசர் அனுப்பிய ஆள் என்பதால் கோட்டையில் வரவேற்பு கிடைத்திருக்கும் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு. கம்பெனிக்கு இவர்கள் வேண்டாத விருந்தாளிகள். வணிகம் செய்கிற இடத்தில் உள்ளூர் மக்களோடு நெருங்கிப் பழகி, கம்பெனி ஆட்களின் அக்கிரமங்களைக் கேள்வி கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆளுநர் ஹாசியஸ் 1708 நவம்பரில் சீகன்பால்குவைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார். நான்கு மாதம் சிறை. நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் அதே கோட்டைதான்.

வெளியே வந்து மீண்டும் எழுதினார், பள்ளிகள் நடத்தினார், ஊருக்குப் போய்ப் பணம் திரட்டித் திருமணமும் செய்துகொண்டு 1716இல் திரும்பினார், ஆலயத்தைக் கட்டினார். ஆலயப் பிரதிஷ்டை முடிந்து நான்கு மாதம் சென்ற நிலையில், 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். வயது 36.

அவர் தமிழ் படித்தது யாரிடம்?

முதலில் சிறுவர்களோடு சிறுவராக. ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தன் இருப்பிடத்திலேயே வந்து பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிப் பழகும்போது இவரும் பக்கத்தில் உட்கார்ந்து அதே மணலில் எழுதினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர் 'அ'னாவில் தொடங்கியது அப்படித்தான். பிறகு போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் தெரிந்த உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உதவிக்கு வந்தார். அந்த ஆளைக் கோட்டை அதிகாரிகள் பின்னால் பாடாய்ப் படுத்தினார்கள். வெள்ளைக்காரருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்களின் கதையை எழுத நம்மில் யாரும் இன்னும் போதுமான அக்கறை காட்டவில்லை என்பது என் குறை.

எனக்கு இந்த மனிதர்மேல் ஆர்வம் வந்தது அவருடைய புத்தக ஆசையால்தான். வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் பற்றிக் குறிப்பெழுதிப் பட்டியலாக்கினார். ஆட்களை அனுப்பி, குடும்பங்களில் கிடந்த ஏடுகளை விலைக்கு வாங்கினார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் 1708இலேயே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நம் பிள்ளைகள் தாய்மொழி வகுப்பில் மனப்பாடம் செய்கிற கொன்றைவேந்தன், ராஃபிள்ஸ் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனுக்குப் போய்விட்டது!

தமிழில் முதலில் அச்சான புத்தகம் தரங்கம்பாடியில்தானே வந்தது?

இல்லை. இந்தத் தவறான தகவல் சுற்றுலாக் கையேடுகளிலும் வாட்ஸ்அப்பிலும் சலிக்காமல் சுற்றுகிறது. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் 1578இல் கொல்லத்தில் போர்த்துகீசியப் பாதிரியார்கள் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'. அதற்கும் முன்னால், 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் ரோமன் எழுத்துகளில் வந்தது.

தரங்கம்பாடியின் பெருமை வேறு. நெடுநாள் தூங்கிக் கிடந்த தமிழ் அச்சுத்தொழில் இங்கேதான் மறுபடி எழுந்து, நிற்காமல் ஓடத் தொடங்கியது. லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவச் சங்கம் அச்சு இயந்திரத்தை அனுப்பிவைத்தது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். இயந்திரத்தோடு வந்த அச்சுக்காரரும் ஊர் வந்து சேருமுன் இறந்துபோனார். எப்படியோ இயந்திரம் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. பிரித்துப் பார்த்தால் எழுத்துகள் மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. லண்டனிலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாறில் ஒரு காகிதப் பட்டறையும் வைத்துப் பார்த்தார்கள். நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

அந்த 1715 பிரதியை ஆலயத்தில் பார்க்கலாமா?

அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள். எஞ்சியிருக்கும் பிரதிகள் உலகின் பெரிய நூலகங்கள் சிலவற்றில் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பிரதியின் கதையைச் சொன்னால் துப்பறியும் நாவல்போல இருக்கும். தஞ்சை சரபோஜி மன்னருக்கு அவருடைய ஆசானான ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் கொடுத்த பிரதி, பிற்காலத்தில் சரஸ்வதி மகால் நூலகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 2005 அக்டோபரில் அது காணாமல் போயிற்று. பல ஆண்டுகள் துப்பே இல்லை. 2022இல் தமிழக சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக் காவலர்கள் இணையத்தில் வெளிநாட்டு அருங்காட்சியகத் தொகுப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது லண்டனில் ஒரு தொகுப்பில் அதைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். சரபோஜியின் கையெழுத்து அடையாளமாக நின்றது.

தரங்கம்பாடியிலேயே அச்சுக்கலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால், சீகன்பால்கு வாழ்ந்த இல்லத்தைப் புதுப்பித்து 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். ஆலயத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

ஆலயத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

பிரம்மாண்டம் எதுவும் இல்லை. நம் புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உயரத்தையோ, ஓஃபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் எழும்பிய லூர்து மாதா ஆலயத்தின் கூர்கோபுரத்தையோ மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். வெள்ளையடித்த, தாழ்வான, தடித்த சுவர்கள் கொண்ட கட்டடம். சிலுவை வடிவம். நான்கு கைகளும் நடுவில் கூடுகின்றன.

வெளியிலேயே ஒரு நிமிடம் நின்று முகப்பை அண்ணாந்து பாருங்கள். உச்சியில் சுதையில் ஒரு கிரீடம். அதன் கீழே ஒன்றுக்குள் ஒன்று பின்னிய எழுத்துகளாக நான்காம் ஃபிரெடரிக்கின் அரச முத்திரை. அதற்கும் கீழே 1718 என்ற ஆண்டு. உப்புக்காற்றும் அடுத்தடுத்து பூசிய சுண்ணாம்பும் ஓரங்களை மழுக்கியிருந்தாலும் முத்திரையைப் படிக்க முடிகிறது. தமிழ்ச் சபை தன் காணிக்கையும் உழைப்பும் போட்டு எழுப்பிய கட்டடத்தின் நெற்றியில் கோபன்ஹேகன் அரசரின் முத்திரை. அந்தக் காலத்து அதிகாரம் எங்கே இருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

உள்ளே பலிபீடத்துக்கு அருகில் சீகன்பால்குவின் கல்லறை. மறுபக்கம் அவருடைய தோழர் கிரண்ட்லரின் கல்லறை. அவர் 1720இல் இறந்தார். வெளியே வளாகத்தில் பிற்காலப் பணியாளர்களின் கல்லறைகள் இருக்கின்றன. எழுத்துகளைப் படிக்க நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகளின் கல்லறைகளைப் பார்க்கும்போது, அந்தக் காலத்தில் இந்த வெப்பத்திலும் காய்ச்சலிலும் எத்தனை குடும்பங்கள் உருக்குலைந்தன என்பது விளங்கும்.

முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போங்கள். நேரத்தை முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். ஜெர்மன் மெட்டில் ஞானப்பாட்டு ஒன்று பாடுவார்கள். அடுத்ததாகக் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை ஒன்று வரும். இரண்டையும் ஒரே சபை, ஒரே மூச்சில், புத்தகத்தைப் பாராமலே பாடும். கட்டடத்தைவிட இதற்காகத்தான் நான் இந்த ஊரைப் பரிந்துரைக்கிறேன்.

நாங்கள் இந்துக் குடும்பம். மதம் மாற்ற வந்தவரின் ஆலயத்தை நாங்கள் ஏன் பார்க்க வேண்டும்?

நேர்மையான கேள்வி. கேட்கத் தயங்குகிறவர்களே அதிகம்.

அவர் மதம் மாற்றத்தான் வந்தார். அதை மறைக்க வேண்டிய தேவை இல்லை. அவருடைய தொடக்ககால எழுத்துகளில் நம் வழிபாட்டைப் பற்றிக் கடுமையான சொற்களும் உண்டு. ஆனால் இங்கே வாழ வாழ அவருடைய பார்வை இளகியது. தமிழர்களிடம் கடிதம் மூலம் கேள்விகள் கேட்டு, அவர்கள் எழுதிய பதில்களை மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இந்த மக்களுக்குச் சட்டமும் ஒழுக்கமும் கல்வியும் இருக்கின்றன, இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைப்பது அறியாமை என்று தன் ஊர்க்காரர்களுக்கு விளக்கினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே இருந்து மிஷன் பணியை வழிநடத்திய பெரியவர் ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். விக்கிரக வழிபாட்டை ஒழிக்க அனுப்பிய ஆள் அதைப் பற்றியே ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவருடைய எரிச்சல். அந்தக் கையெழுத்துப் பிரதி 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. அம்மன், ஐயனார், கிராமதேவதைகள் எல்லாம் அந்நாளில் எப்படி வழிபடப்பட்டன என்று ஆராய்கிறவர்கள் இன்று அந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள்.

ஆகவே பக்தராகப் போக வேண்டாம். தமிழ் வாசகராகப் போங்கள். நம் தமிழ் அச்செழுத்தின் ஊர் அது. அதே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. மாமனார் மாமியார் கோயிலுக்குப் போகட்டும், நீங்கள் ஆலயத்துக்குப் போங்கள், அரை மணி கழித்து இடம் மாறிக்கொள்ளுங்கள்.

ஆலயத்துக்குள் சாதி பார்த்தார்களாமே, உண்மையா?

உண்மை. 18ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடிச் சபையில் வேளாளர் தனியாகவும் பறையர் தனியாகவும் உட்கார்ந்தார்கள். பாய் யாருக்கு, வெறுந்தரை யாருக்கு என்பதுவரை வேறுபாடு இருந்தது. மிஷனரிகள் சிலர் முணுமுணுத்தார்கள், பலர் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

இதன் உச்சம் குருப்பட்ட விஷயத்தில் வெளிப்பட்டது. 1733 டிசம்பரில் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். கடலூரில் பிறந்த வேளாளர். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் குரு என்று அவரைக் கொண்டாடுகிறோம். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். முன்பு தஞ்சை மன்னரின் படையில் சிப்பாய். பறையர் குலத்தில் பிறந்தவர். எண்ணற்ற மக்களைச் சபைக்குக் கொண்டுவந்தவர். அவர் கையால் இராப்போஜனம் (ஆராதனையில் குரு தரும் அப்பமும் ரசமும்) வாங்க மாட்டோம் என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் முரண்டு பிடித்ததால் அவருக்குக் குருப்பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆரோனின் பெயரைச் சொல்லும் வழிகாட்டிகள் இந்தப் பெயரைச் சொல்வதில்லை. நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முதன்முதலில் 1707 மே மாதத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஐவர் யார் தெரியுமா? டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள்.

வேளாங்கண்ணி மாதிரி இருக்குமா? மெழுகுவத்தி ஏற்றலாமா?

இருக்காது. வேளாங்கண்ணி கத்தோலிக்கத் திருத்தலம். இது லுத்தரன் ஆலயம். மாதா சொரூபம், நேர்த்திக்கடன், மொட்டை, தேர் எதுவும் கிடையாது. கூட்டமும் கிடையாது. வேளாங்கண்ணி இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து எப்படிப் போவது? எப்போது போவது?

சாங்கியிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா வேண்டும், மின்விசாவே போதும். திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர். காரில் நான்கு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். கும்பகோணத்தில் காப்பிக்கு நிற்காமல் யாரும் போவதில்லை என்பதால் நாலரை. பஸ் என்றால் மயிலாடுதுறையில் மாறலாம். சென்னையில் இறங்குகிறவர்கள் புதுச்சேரி, சிதம்பரம், சீர்காழி வழியாக வரலாம். அது ஒரு நாள் வேலை.

திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஹோமம், அபிஷேகம், சாப்பாடு எல்லாம் நண்பகலோடு முடிந்துவிடும். பெரியவர்களை அறையில் படுக்கவைத்துவிட்டு, நான்கு மணி வெயில் தணிந்ததும் புறப்படுங்கள்.

பருவம்தான் சிக்கல். நம் பள்ளி விடுமுறைகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. ஜூனில் வெயில் கொளுத்தும். நவம்பர் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை, சில ஆண்டுகளில் புயல். வேறு வழி இல்லை என்றால் ஜூனைத் தேர்ந்தெடுங்கள், மாலையில் கடற்காற்று காப்பாற்றும். விடுமுறைக் கட்டாயம் இல்லாதவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போகலாம். சீகன்பால்கு கரையிறங்கிய ஜூலை 9ஆம் நாளைச் சபையார் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள்.

எவ்வளவு நேரம் வேண்டும்? முதியவர்களால் நடக்க முடியுமா?

அரை நாள். ஊர் ஒரு வீதியில் அடங்கிவிடும். 1792இல் கட்டிய நகர வாயில் வழியாக நுழைந்து நேராக நடந்தால் இரண்டு ஆலயங்கள், பழைய மாளிகைகள், ஆளுநர் இல்லம், கோட்டை, கடல். சமதரைதான். சக்கர நாற்காலி போகும், ஆனால் நிழல் குறைவு, குடை அவசியம். கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். டிக்கெட் எடுத்து உள்ளே போனால் பீங்கான், நாணயம், பீரங்கிக் குண்டுகள் இருக்கின்றன.

சுனாமியில் ஆலயம் என்ன ஆயிற்று?

2004 டிசம்பர் 26 அன்று தரங்கம்பாடியில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களில் மீனவக் குடும்பங்களே மிகுதி. ஆலயம் சேதமடைந்தாலும் விழவில்லை. சீகன்பால்கு வந்த முந்நூறாம் ஆண்டு விழாவை 2006இல் கொண்டாடுவதற்குள் பழுதுபார்த்தார்கள். ஊரில் இன்று காணும் புதிய மீனவர் குடியிருப்புகள் அந்தப் பேரழிவுக்குப் பிறகு எழுந்தவை. அங்கே போய் வேடிக்கை பார்க்கும் பாவனையில் படம் எடுக்காதீர்கள்.

சிங்கப்பூருக்கும் இந்த ஆலயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

ஆலயத்துக்கு இல்லை, அந்தக் கரைக்கு உண்டு. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1830 வாக்கில் எழுந்த நாகூர் தர்கா, தரங்கம்பாடிக்குத் தெற்கே இருக்கும் நாகூரின் நினைவாகவே கட்டப்பட்டது. அந்தக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்களும் சூலியாக்களும் டேனிஷ்காரர்களுக்கு முன்பும் பின்பும் மலாய்க்கரைக்குத் துணி ஏற்றி வந்தவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களுக்கும் ரயில்வேக்கும் வந்த தமிழர்களில் லுத்தரன்களும் இருந்தார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து குருமார் வந்தார்கள். மலேசியாவில் இன்று இருக்கும் தமிழ் லுத்தரன் சபைகளின் வேர் அது. தமிழ் அச்சும் அப்படிக் கடல் தாண்டியது. இங்கே 1887இல் 'சிங்கை நேசன்' வார இதழ் வெளிவரத் தொடங்கியபோது, தரங்கம்பாடியில் முதல் தாள் அச்சாகி 170 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

பிள்ளைகளுக்குச் சலிக்காதா?

கோட்டையில் பீரங்கி, பிறகு கடல், பிறகு ஐஸ்கிரீம் என்ற வரிசை வேலை செய்யும். ஆலயத்தில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: முகப்பிலிருக்கும் முத்திரையை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதிப் பழகிய கதை பிடிக்கும், கடற்கரையில் உடனே செய்தும் பார்க்கலாம்.

உடை, படம், காணிக்கை?

தோளும் முழங்காலும் மறைந்த உடை. வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். ஆராதனை நேரத்தில் படம் எடுக்காதீர்கள். மற்ற நேரங்களில் உள்ளே இருக்கும் பணியாளரைக் கேட்டுவிட்டு எடுங்கள். அவரை 'ஐயா' என்று அழைத்துத் தமிழில் பேசினால், பூட்டியிருந்தாலும் சாவி வரும். காணிக்கைப் பெட்டி உள்ளேயே இருக்கிறது. சிங்கப்பூர் நோட்டைப் போடாதீர்கள். அதை மாற்ற அவர்கள் காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோ போக வேண்டியிருக்கும். ரூபாயாகப் போடுங்கள்.